இயல்பு என்னும் சாக்கு



சென்ற மாதம் மத்ரஸா மாணவர்களுடன் செஞ்சிக் கோட்டைக்குச் சென்றிருந்தேன். சாதத்துல்லாகான் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு ராஜகிரியின் படிகளில் ஏறும்போது, ஒரு மாணவனின் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் குரங்கொன்று பறித்துக்கொண்டது. அவன் கல்லை எடுத்தான். நான் அவன் கையைப் பற்றி, எல்லோர் முன்னிலையிலும் உரத்த குரலில் கடிந்துகொண்டேன். சற்று நேரம் கழித்து அவன் மெல்லக் கேட்டான்: "ஹஜ்ரத், கோபம் ஆதிகாலத்திலிருந்தே இரத்தத்தில் ஊறி வருவதாக எங்கள் பள்ளிக்கூடத்து அண்ணன் சொல்கிறார். அப்படியானால் நான் கல்லெடுத்தது எப்படிக் குற்றமாகும்?"

பத்தாண்டுகளுக்கு முன்பென்றால் வாயை மூடு என்றிருப்பேன். அன்று இயலவில்லை. நான் திட்டியதையும் அக்கேள்வி தொட்டது.

உடலைப் போலவே மனமும் முன்னோர் வாழ்ந்த சூழலுக்கேற்ப வடிவம் பெற்றது என்பது பரிணாம உளவியலாரின் கூற்று. மனிதத் தோற்றம் பற்றிய நம் ஈமான் ஆதம் (அலை) அவர்களிடமிருந்து தொடங்குகிறது. அதில் எனக்குத் தடுமாற்றமில்லை. ஆயினும், அறிவைக் கேளாமலே எழும் உணர்ச்சிகள் நமக்குள் உண்டென்பதை மறுப்பானேன்? டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில், நச்சுப் பாம்பின் கண்ணாடிக் கூண்டருகே முகத்தை வைத்து, அது சீறிப் பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என உறுதி பூண்டாராம். பாம்பு கண்ணாடியில் மோதிய கணமே பின்னால் துள்ளிவிட்டார். இதைப் படித்தபோது மூஸா (அலை) அவர்களே நினைவுக்கு வந்தார்கள். கைத்தடி பாம்பாக நெளிந்ததும் அவர்கள் திரும்பி ஓடியதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அஞ்சியதற்காக அவர்கள் தண்டிக்கப்படவுமில்லை. அஞ்ச வேண்டாம் என்ற ஆறுதலே கிடைத்தது.

அச்சத்துக்கு இந்த விளக்கம் பொருந்தலாம். எல்லா நடத்தைக்கும் ஆதிகாலக் கதை கட்டுவது வேறு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், ஆண்கள் பொன்னிறக் கூந்தல் பெண்களை விரும்புவதற்குப் பரிணாமக் காரணம் காட்டி 1997இல் ஒரு கட்டுரை எழுதினார். 'மெடிக்கல் ஹைபோதிசிஸ்' இதழும் அதை வெளியிட்டது. அவர் அதை எழுதியதோ இத்தகைய கதைகளைக் கேலி செய்வதற்காக! உண்மையென நம்பியவர்களும் இருந்தார்கள்.

சிரித்துவிட்டுக் கடந்துவிட முடியவில்லை. மனைவியை அடித்துவிட்டு, "ஆண் என்றால் அப்படித்தான் ஹஜ்ரத், இயல்பு" என்று என்னெதிரே அமர்ந்து சொன்னவர்கள் உண்டு. அவர்கள் டார்வினைப் படித்தவர்களல்லர். முதலாளியிடம் மட்டும் அந்த இயல்பு தலைகாட்டாததை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தீமைக்குத் தூண்டும் நஃப்ஸ் உண்டென்று நமக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது. தூண்டுதல் இருக்கிறது என்பதை வைத்து எவருக்கும் கேள்விகணக்கு தள்ளுபடி செய்யப்படவில்லை.

மாணவனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கோபம் வந்தது உன் குற்றமன்று, கல் உன் கையிலிருந்தது" என்றேன். மக்ரிபுக்குப் பின், எல்லோர் முன்னிலையிலும் திட்டியதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதையும் எல்லோர் முன்னிலையில்தான் கேட்டேன்.

நிற்கும்போது கோபம் வந்தால் அமர்ந்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஹதீஸை ஆண்டுதோறும் நான் பாடமாக நடத்துகிறேன். அன்று நான் நின்றிருந்தது படிக்கட்டில். அமர்வதற்கு இடம் தேட வேண்டியதே இல்லை.