இறக்க மறந்த சுவிட்ச்

2025 நவம்பர் 27, வியாழக்கிழமை இரவு எங்கள் கடைத்தெருவில் மின்சாரம் போனது. மலையகத்தில் மழைக்கு மின்சாரம் போவது புதினமல்ல. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம். மறுநாள் ஜும்ஆவுக்கு இறங்கியபோதுதான் எதிர்மலையைப் பார்த்தேன். பச்சைத் தேயிலைக்கு நடுவே மேலிருந்து கீழாகச் சிவப்பு மண் வழிந்திருந்தது. மண்ணோடு மின்கம்பங்களும் சரிந்து கிடந்தன.

அந்தப் புயலுக்கு ‘டித்வா’ என்று பெயர். யெமன் நாடு கொடுத்த பெயர்; சுகுத்ரா தீவிலுள்ள ஒரு களப்பைக் குறிப்பது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன புயல். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலையே மனிதர் மேல் விழுந்தது. கண்டி - நுவரெலியா வீதி பல இடங்களில் அறுந்தது. மலையக ரயில் பாதை தண்டவாளம் தொங்க நின்றது.

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வழியில் இருக்கிறது எங்கள் கடைத்தெரு. என்னுடையது பலசரக்குக் கடை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய சின்ன ஜெனரேட்டர் ஒன்று கடையின் பின்னால் கிடந்தது. அதைத் தூசி தட்டி ஓடவிட்டேன். குளிர்பெட்டியில் கோழி இருந்தது. அதைவிட, மேல்மலை லயங்களிலிருந்து ஆட்கள் கைத்தொலைபேசிகளைக் கொண்டு வரத் தொடங்கினார்கள். “நானா, கொழும்பில மகன் வேல செய்யிறான். உசுரோட இருக்கோமுன்னு ஒரு வார்த்த சொல்லணும்” என்று ஒரு தாய் வந்து நின்றார். யாரிடமும் காசு வாங்கவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவு மனதுக்குள் இருந்தது. அதை மறைக்கவில்லை.

எட்டாம் நாள் காலை மின்சார சபை லொறி ஒன்று மண்ணில் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தது. ஆறு பேர். தென்பகுதிக் கடற்கரை ஊர்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். இந்தக் குளிருக்குப் பழகாதவர்கள். அட்டை கடித்த கால்களோடு இறங்கினார்கள். தலைவர்போல இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். லொறியை விட்டிறங்கியதும் தெருவைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார். பிறகு நேரே என் கடைக்கு வந்தார்.

நான் முந்திக்கொண்டேன். “எங்கட பக்கத்துக்கு எப்ப கரண்ட் வரும்?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. “முதலாளி, ஜெனரேட்டர எங்க பூட்டியிருக்கிறீங்க?” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் காட்டினேன். ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை எடுத்துச் சுவரிலிருந்த ப்ளக்கில் செருகியிருந்தேன். அப்படி ஓட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஏனென்று நான் கேட்டதில்லை, இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அன்று காலை கூட்டம். மறந்துபோயிற்று. இஞ்சின் வழக்கத்தைவிட முக்கி முக்கி ஓடியதைக்கூட, பெட்ரோல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இஞ்சினை நிறுத்தினார். வயரைப் பிடுங்கினார். மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு பூட்டிக் கிடந்த பக்கத்துத் தையல் கடையைக் காட்டினார். “கரண்ட் இல்லாத ஊர்ல அந்தக் கடைக்குள்ள ஒரு பல்ப் மங்கலா எரிஞ்சிச்சு. அதப் பாத்துத்தான் வந்தேன்” என்றார்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தெருமுனையிலுள்ள ட்ரான்ஸ்போமர் 33,000 வோல்ட்டைக் குறைத்து எங்கள் வீடுகளுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. மெயின் சுவிட்ச் திறந்திருந்தால் என் ஜெனரேட்டரின் 230 வோல்ட் வெளியே போய், அதே ட்ரான்ஸ்போமரில் தலைகீழாக ஏறி, மேல்கம்பியில் 33,000 வோல்ட்டாக நிற்கலாம். கம்பத்தில் ஏறுபவன் கம்பி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துத்தான் கை வைப்பான். தொடுமுன் சோதித்துப் பார்ப்பார்கள். கம்பியை மண்ணோடு இணைப்பார்கள். “ஆனா முதலாளி, நாங்களும் எட்டு நாளா தூங்காத மனுசர்தானே” என்றார்.

வெளியே ஒரு இளைஞன் இடுப்பில் தோல் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். முதலில் ஏறப் போவது அவன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

அன்று மாலையே கடைத்தெருவுக்கு வெளிச்சம் வந்துவிட்டது. அத்தோடு போய்விடுவார்கள் என்று எண்ணினேன். போகவில்லை. பள்ளிவாசலின் மத்ரஸா மண்டபத்தில் இரண்டு இரவு தங்கினார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் ரொட்டியும் சம்பலும் செய்து அனுப்பினார்கள். பகலில் லயங்களுக்குப் போகும் கம்பிகளை இழுத்தார்கள். லொறி போகாத இடத்துக்குக் கம்பங்களைத் தோட்டத்து இளைஞர்கள் தோளில் சுமந்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் கூப்பாடு போட்டபடி அவர்கள் ஏறியதை நான் கடைவாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலைத் தண்ணீரை மின்சாரமாக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்னார். 1950இல் லக்ஷபான இயங்கத் தொடங்கியது. 2012இல் தலவாக்கலையில் மேல்கொத்மலையும் சேர்ந்தது. இந்த மலைகளிலிருந்து வெளிச்சம் கொழும்புவரை இறங்கிப் போனது. ஆனால் அதே மலையில் கொழுந்து பறித்தவர்களின் லயங்களில் எத்தனையோ தலைமுறைக்குக் குப்பிலாம்புதான். அந்த இரண்டாம் இரவு, மேல்மலையில் லயவரிசை ஒவ்வொன்றாக எரிந்தபோது, கடற்கரையிலிருந்து வந்த ஆறு பேர் பழைய கடனொன்றில் கொஞ்சத்தை அடைத்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அது அவர்கள் பட்ட கடனல்ல.

போகும்போது பணம் நீட்டினேன், வாங்கவில்லை. தேயிலைப் பக்கட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெயர் கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது லொறி திருப்பத்தில் மறைந்த பிறகுதான்.

மனிதருக்குச் சொல்லாத நன்றி இறைவனையும் சேராது என்று சின்ன வயதில் ஓதிப் படித்தவன் நான். பெயர் தெரியாதவருக்கு எப்படிச் சொல்வது? அடுத்த வாரமே ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டேன். ஒருபக்கம் போட்டால் மறுபக்கம் தானாக அறுந்துவிடும் சுவிட்ச் ஒன்றைப் பூட்டினேன். இனி நான் மறந்தாலும் அது மறக்காது. கதீப் அவர்களிடம் அனுமதி கேட்டு, ஜும்ஆ முடிந்தபின் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். கூட்டத்தில் பேசி அறியாதவன்; நா தடுமாறியது. இருந்தும் சொல்லி முடித்தேன்.

எங்கள் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைகள் ஏழு. ஐந்தில் அந்தச் சுவிட்ச் இப்போது இருக்கிறது. மற்ற இரண்டு முதலாளிமாரும் என்னைக் கண்டால் “சரி நானா, சரி நானா” என்று சொல்லிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கிறார்கள். அடுத்த பருவமழைக்கு முன் அவர்களையும் பிடித்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.