சொத்தும் வாக்கும்

பகலில் நிரல் எழுதி இரவில் இலக்கியம் படிக்கும் எங்களைப் போன்றோர்க்கு, மரபுரிமை என்னும் சொல் இரண்டு இடங்களிலும் எதிர்ப்படுகிறது. நிரலாக்கத்தில் அதன் பொருள் எளிது. ஒரு கிளாஸ் தன் தாய் கிளாஸின் தரவுகளையும் செயல்களையும் மீண்டும் எழுதாமலே பெற்றுக்கொள்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தாய்களிடமிருந்து பெறுவது பன்மரபுரிமை. பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் உருவாக்கிய சி பிளஸ் பிளஸ் மொழியில், 1989இல் வெளிவந்த 2.0 பதிப்பு இவ்வசதியைத் தந்தது.

சிக்கலும் உடன் வந்தது. 'ஊழியர்' என்னும் கிளாஸில் சம்பளக் கணக்கு இருக்கிறது. 'ஆசிரியர்', 'ஆய்வாளர்' இரண்டும் அதன் பிள்ளைகள். இவ்விரண்டிலிருந்தும் 'பேராசிரியர்' பிறந்தால், ஒருவருக்குள் இரண்டு சம்பளக் கணக்குகள்! உறவை வரைந்தால் சாய்சதுரமாகத் தெரிவதால் இதை வைரச் சிக்கல் என்பர். 'வர்ச்சுவல்' என்று குறித்து ஒரே கணக்காக்கலாம். ஆனால் அதை ஆசிரியரும் ஆய்வாளரும் பிறக்கும்போதே குறித்திருக்க வேண்டும்.

1995இல் சன் நிறுவனத்தின் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் வெளியிட்ட ஜாவா வேறு வழியில் சென்றது. தாய் ஒருத்திதான், இன்டர்ஃபேஸ்கள் எத்தனையும் இருக்கலாம். இன்டர்ஃபேஸ் அன்று எதையும் செய்து தரவில்லை; செய்ய வேண்டியவற்றின் பெயர்களை மட்டும் சொன்னது. சொத்து ஒரு வழியில். வாக்கு எத்தனை பேருக்கும்.

சொத்தைவிட வாக்கு கனமானது என்பதை எங்கள் பணியிடத்தில் உணர்ந்தோம். நாங்கள் வெளியிட்ட ஓர் இன்டர்ஃபேஸை முன்பின் அறியாத பலர் ஏற்று நிரல் எழுதியிருந்தனர். அதில் ஒரு செயலைச் சேர்க்க விரும்பினோம். சேர்த்தால், அடுத்த முறை கம்பைல் செய்கையில் அவர்கள் நிரல்கள் அனைத்தும் பிழை காட்டும். நீண்ட விவாதத்துக்குப் பின், பழையதைத் தொடாமல், அதை விரித்து இரண்டாவது இன்டர்ஃபேஸ் ஒன்றை எழுதினோம். அழகு குறைந்தது, எவருடைய உழைப்பும் வீணாகவில்லை.

ஜாவாவுக்கே பின்னர் இந்த நெருக்கடி வந்தது. பட்டியல்களுக்கான பழைய இன்டர்ஃபேஸ்களில் புதிய செயல்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 2014இல் வந்த ஜாவா 8, இன்டர்ஃபேஸுக்குள்ளேயே இயல்நிலைச் செயலை எழுத இடம் கொடுத்தது. வாசலில் நிறுத்திய பன்மரபுரிமையின் ஒரு பாதி இவ்வாறு உள்ளே வந்தது. இரு இன்டர்ஃபேஸ்கள் ஒரே செயலை இருவிதமாகத் தந்தால், கம்பைலர் தானாக எதையும் தேர்வதில்லை. தீர்ப்பை எழுதுமாறு நம்மையே கேட்கிறது. சம்பளக் கணக்கு மட்டும் இன்றும் இன்டர்ஃபேஸுக்குள் நுழைய முடியாது.

மரபில் வருவது நம்மைக் கேட்டு வருவதில்லை. வாக்கோ நாமே கொடுப்பது. அதைத் திருத்துமுன், அதை நம்பி நிற்போரை நினைத்துக்கொள்கிறோம்.