பம்பர் தாழ்வா, ஸ்பீட் பிரேக்கர் உயரமா?

காரோட முன் பம்பருக்குக் கீழே கறுப்பா ஒரு பட்டை தொங்குமே, பார்த்திருக்கீங்களா? அதுக்குப் பேரு லிப். தமிழ்ல உதடுன்னு தலைப்பு வச்சா காதல் கவிதைன்னு நினைச்சு வந்துடுவீங்க, அதனால லிப்னே இருக்கட்டும் :-) விருதுநகர், சிவகாசிப் பக்கம் கார் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் அந்தச் சத்தம் தெரியும். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறும்போது 'கர்ர்ரக்'னு ஒண்ணு வரும் பாருங்க. காருக்கு வலிக்குதோ இல்லையோ, ஓட்டுறவருக்கு வலிக்கும்.

எங்க அத்தானுக்கு சிவகாசியில அச்சகத்துல வேலை. போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு செடான் வாங்கினாரு. பழைய ஓனர் அழகுக்காக பைபர்ல தனியா ஒரு லிப் மாட்டி வச்சிருந்தாரு. இப்ப அக்காவுக்கு ஏழாவது மாசம். செக்கப்புக்கு மதுரை போகணும். சிவகாசியில கிளம்பி திருத்தங்கல், ஆமத்தூர் வழியா விருதுநகர் வந்து, எங்க வீட்ல அம்மாவையும் என்னையும் ஏத்திக்கிட்டு, நாலுவழிச் சாலை பிடிச்சு மதுரை. ஒவ்வொரு மேட்டுலயும் அத்தான் பல்லைக் கடிப்பாரு, அக்கா ரெண்டு கையாலயும் வயித்தைப் பிடிச்சுக்குவா. அவருக்குக் கவலை பம்பர், அவளுக்குக் கவலை பிள்ளை. ரெண்டு பேருக்கும் வில்லன் ஒருத்தன்தான்.

வில்லன் எவ்வளவு பெரியவன்னு பார்க்க ஒருநாள் டேப் எடுத்துக்கிட்டு எங்க தெருமுனைக்குப் போனேன். உயரம் 14 செ.மீ., அகலம் 60 செ.மீ. அப்புறம் விதிமுறையைத் தேடிப் பிடிச்சேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-லேயே ஸ்பீட் பிரேக்கருக்கு அளவு சொல்லியிருக்கு (ஐ.ஆர்.சி. 99). உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், மேல்பக்கம் 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தோட வளைவு. 25 கி.மீ. வேகத்துல வண்டி ஏறி இறங்குற மாதிரி கணக்குப் போட்டது. கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்கணும், 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்கணும். எங்க தெருவுல இருக்கிற ஒரே பலகை டீக்கடை பலகைதான்.

உயரத்துல 4 செ.மீ.தானே வித்தியாசம்னு தோணும். விஷயம் அகலத்துல இருக்கு. காரோட மூக்கு முன் சக்கரத்தைத் தாண்டி 80 செ.மீ. வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கும். விதிப்படி கட்டின மேட்டுல மூக்கு உச்சிக்கு வரும்போது சக்கரமும் அதே சரிவுல 8 செ.மீ. உயரம் ஏறியிருக்கும் (பத்தாங்கிளாஸ் கணக்குதான், போட்டுப் பாருங்க). சக்கரம் ஏறினா மூக்கும் கூடவே தூக்கிக்கும், உரசாது. எங்க தெரு மேட்டுல உச்சி, ஓரத்துல இருந்து 30 செ.மீ.லயே வந்துடுது. மூக்கு உச்சிக்கு வரும்போது சக்கரம் இன்னும் தரையிலதான் நிக்குது. அப்ப லிப் 14 செ.மீ.க்கு மேல இருந்தா தப்பிக்கும், இல்லேன்னா 'கர்ர்ரக்'.

பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? இருக்கே! காருக்கும் தரைக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு நம்ம நாட்டுல வரியே போட்டிருந்தாங்க. 2013 பட்ஜெட்ல எஸ்.யூ.வி.க்கு எக்சைஸ் 27-ல இருந்து 30 சதவீதம் ஆச்சு. எது எஸ்.யூ.வி.? நீளம் 4 மீட்டருக்கு மேல, இன்ஜின் 1500 சி.சி.க்கு மேல, இடைவெளி 170 மி.மீ. அல்லது அதுக்கு மேல. உடனே மஹிந்திரா தன்னோட எக்ஸ்.யூ.வி.500-ஐ 160 மி.மீ.க்கு இறக்கிடுச்சு! ஜி.எஸ்.டி. வந்த பிறகும் செஸ்ஸுக்கு அதே 170 தொடர்ந்தது. அளக்கும்போது வண்டி காலியா இருக்கணுமா, ஆளோட இருக்கணுமான்னு ஒரு குழப்பம். 2023 ஜூலையில ஜி.எஸ்.டி. கவுன்சில் 'காலியா'ன்னு தெளிவு பண்ணுச்சு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து அந்த செஸ்ஸே போய், பெரிய கார் எல்லாத்துக்கும் 40 சதவீதம்னு ஆயிடுச்சு.

நமக்குப் பாடம் அந்தக் 'காலியா'ங்கிற வார்த்தையில இருக்கு. அரசாங்கம் வண்டியைக் காலியா அளக்குது. நாம காலியாவா போறோம்? அத்தான் கார்ல பைபர் லிப் காலியா இருக்கும்போது 13 செ.மீ. அதைக் கழட்டினா உள்ளே கம்பெனி கொடுத்த ரப்பர் லிப், 17 செ.மீ. நாங்க எல்லாரும் ஏறினா அது 15. மேடு 14. மிச்சம் ஒரே ஒரு சென்டிமீட்டர்! மேட்டுக்கிட்ட வந்து பிரேக்கை அழுத்தினா மூக்கு குனியும், அந்த ஒண்ணும் காலி.

அதனால நாங்க செஞ்சது இதுதான். பைபர் லிப்பைக் கழட்டிட்டோம். அது வளையாது, உடையும். ரப்பர் லிப்பை விட்டுட்டோம். அது காரை உரச விடாம தான் முதல்ல அடி வாங்குற பொருள், காத்தை ரேடியேட்டர் பக்கம் திருப்புற வேலையும் அதுக்கு இருக்கு. மேட்டுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைச்சு, ஏறுற நேரத்துல பிரேக்ல இருந்து காலை எடுத்துடறாரு அத்தான். குறுக்கா ஏத்தினாலும் உரசாது, பம்பரோட மூலை பின்னால வளைஞ்சிருக்கிறதால அந்தப் பக்கச் சக்கரம் சீக்கிரம் ஏறிடும். ஆனா கார் பக்கவாட்டுல ஆடும், அக்காவுக்கு ஆகாது. ஸ்பிரிங்ல ஸ்பேசர் போடலாம்னு பட்டறையில சொன்னாங்க. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னதால அந்தப் பேச்சை விட்டுட்டோம்.

கார் பிரச்சினை முடிஞ்சுது. மேடு அப்படியேதான் இருக்கு. நம்ம பக்கம் தீக்காயம் பட்டவங்களையும் இதே மாதிரி மேடுகள் மேலதான் தூக்கிட்டு ஓடணும். 2012 செப்டம்பர் 5-ல முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்துல 30-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. காயம்பட்டவங்களை சிவகாசிக்கும் மதுரைக்கும் கொண்டு போனாங்க. தோல் வெந்து கிடக்கிறவங்களுக்கு ஒரு குலுக்கல் எப்படி இருக்கும்னு யோசிச்சா பம்பர் கீறல் எல்லாம் ஒரு விஷயமே இல்லை.

அப்ப மேட்டை உடைச்சுடலாமா? தெருமுனையில பெட்டிக்கடை வச்சிருக்கிற பாட்டிகிட்ட கேட்டேன். அவங்க பேரனை ஒரு வேன் தட்டுன பிறகுதான் அந்த மேடு வந்துச்சாம். காலையிலயும் சாயங்காலமும் பயராபீஸ் வண்டிங்க பறக்குற நேரம், பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் அதே ரோட்லதான். "இதை எடுத்தீங்கன்னா எவன் நிப்பான்?"னு கேட்டாங்க. நியாயம்தானே?

"உடைக்கச் சொல்லல பாட்டி, அகலமாக்கச் சொல்றோம். அப்பவும் 25 கி.மீ.க்கு மேல போனா தூக்கிப் போடும்"னு டேப்பை வச்சு விளக்கினேன். பாதி நம்பினாங்க.

மனு எழுதி வச்சிருக்கேன், ரெண்டு பக்க அளவும் போட்டு, படமும் வரைஞ்சு. வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல கொடுக்கணும். தெருவுல 22 பேர் கையெழுத்துப் போட்டாச்சு. பாட்டி மட்டும் இன்னும் போடல. அவங்க கையெழுத்து இல்லாம அந்த மனுவைக் கொண்டு போக எனக்கு மனசில்ல. உங்க தெரு மேட்டையும் ஒரு தடவை அளந்து பாருங்க. அளந்து முடிச்சதும், அது ஏன் வந்துச்சுன்னு பக்கத்துக் கடையில ஒரு வார்த்தை கேட்டுடுங்க.