மலைச் சாலையில் நாற்காலி போட்டு அமர்ந்தவர்களுக்கு

மௌனா கேயாவுக்கு ஏறும் சாலையை மறித்து 2019 ஜூலையில் அமர்ந்த ஹவாய்ப் பெரியவர்களே,

எனக்கு ஊர் வாணியம்பாடி. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்களூரிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காவலூர் வானாய்வகம் வரும். வைணு பாப்பு பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், உங்கள் மலையில் எழுப்பத் திட்டமிட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கியின் இந்தியப் பங்கையும் முன்னின்று கவனிக்கிறது. 2014 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அதற்குச் சுமார் 1,300 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 7 அன்று மலையில் நடந்த தொடக்க விழாவை உங்கள் பிள்ளைகள் பாதியில் நிறுத்தினார்கள். ஆக, நீங்கள் தடுத்த திட்டத்தில் என் வரிப்பணமும் சில பைசா உண்டு. அந்த உறவில்தான் இந்த நன்றி மடலை எழுதுகிறேன்.

நான் தொலைநோக்கியின் கட்சி. 492 ஆடித் துண்டுகள் ஒன்றுசேர்ந்து ஒரே கண்ணாக இயங்குவதை நினைத்தால் இந்த வயதிலும் உடம்பு சிலிர்க்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் உங்களைப் பற்றி வெளியுலகம் எழுதிய வாய்ப்பாடு இருக்கிறதே, இந்தப் பக்கம் அறிவியல், அந்தப் பக்கம் பழைய நம்பிக்கை என்று, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை எழுதியவர்களில் பலருக்கு உங்கள் தீவுகளைப் பற்றித் தெரிந்தது தேங்காய்ச் சிரட்டையும் புல் பாவாடையும்தான். அன்னாசித் துண்டு தூவிய பீட்சாவுக்குக்கூட ஹவாய் பெயரை வைத்திருக்கிறார்கள். அது பிறந்ததோ கனடாவில்!

உங்கள் அரசர் கலாகௌவாவையே எடுத்துக்கொள்வோம். 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்க பிரிட்டனிலிருந்து ஒரு குழு ஹொனொலுலுவுக்கு வந்தது. இடம் கொடுத்து வரவேற்றவர் அவர். அவர் கட்டிய இயோலானி அரண்மனையில் மின்விளக்கு எரிந்தபோது வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் மின்சாரம் கிடையாது. ஒளிந்து கிடந்த ஹுலா ஆட்டத்தை மறுபடி அரசவைக்கு அழைத்து வந்தவரும் அவரேதான். வானத்தை அளப்பதற்கும் ஹுலா ஆடுவதற்கும் இடையில் அந்த மனிதருக்கு எந்தச் சண்டையும் தெரியவில்லை. சண்டையைக் கண்டுபிடித்தவர்கள் பிறகு வந்தவர்கள்.

அதைவிட எனக்கு நெருக்கமானது ஹோகுலேயா என்ற படகு. உங்கள் முன்னோர் திசையறிந்து கடல் கடக்கவில்லை, காற்று தள்ளியபடி தற்செயலாக ஒதுங்கியவர்கள் என்று 1950களில் அறிஞர்கள் புத்தகம் போட்டு வாதாடினார்கள். 1976-இல் இரட்டை உடல் கொண்ட அந்தப் பாய்மரப் படகு, திசைகாட்டி இல்லாமல் சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து டஹிட்டி போய்ச் சேர்ந்தது. வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவின் சதவால் தீவுக்காரர் மாவ் பியாய்லுக். ஹவாயில் அந்த வித்தை கைவிட்டுப் போயிருந்த நேரத்தில், தன் தீவின் வழக்கத்தை மீறி அதை அயலாருக்குக் கற்றுக்கொடுத்த மனிதர். வெளியிலிருந்து வருகிறவர் இப்படியும் வரலாம்.

படகின் பெயர் ஒரு விண்மீனுடையது. நாங்கள் அதைச் சுவாதி என்போம். அதன் துணைப் படகு ஹிகியனாலியாவின் பெயர் எங்கள் சித்திரை நட்சத்திரம். ஒவ்வொரு மே மாதமும் மொட்டைமாடியில் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைத்து நான் காட்டும் இரண்டு விண்மீன்கள் இவை. சுவாதி வாணியம்பாடியில் உச்சிக்கு வரும்போது தலைக்கு நேர் மேலே இருக்காது. ஆறு பாகை வடக்கே தள்ளி நிற்கும். உங்கள் தீவில் அது நேர் உச்சியைக் கடக்கும். டஹிட்டியிலிருந்து வடக்கே திரும்பும் படகோட்டிக்கு இரவுக்கிரவு சுவாதி உயர்ந்துகொண்டே வரும். அது தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால் சொந்த ஊரின் அட்சரேகை வந்தாயிற்று, பிறகு பக்கவாட்டில் திரும்பினால் போதும். இதைப் பாடப்புத்தகத்தில் உள்ள எந்தப் படத்தையும்விடத் தெளிவாகப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க முடிகிறது. இந்தப் பாடத்துக்காகவே உங்களுக்கு ஒரு தனி நன்றி.

வானத்தை இப்படிப் படித்த மக்களைத்தான் அறிவியலின் எதிரிகள் என்றார்கள்.

நீங்கள் மலையை மறித்ததன் காரணம் வேறு. 1893-இல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையில் இறங்கி நிற்க, வெள்ளை வணிகர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து அரசி லிலியுவோகலானியை நீக்கினார்கள். நாட்டை அமெரிக்காவோடு சேர்க்கக் கூடாது என்று 1897-இல் இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே சேர்த்துக்கொண்டார்கள். அரசின் நிலமும் அரசியின் நிலமும் அப்படியே கைமாறின. அந்த நிலத்தில்தான் மௌனா கேயாவின் உச்சியும் அடக்கம். 1968-இல் மாநில அரசு அதைப் பல்கலைக்கழகத்துக்கு 65 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. பல்கலைக்கழகம் தருவது வருடத்துக்கு ஒரு டாலர். ஒரு தொலைநோக்கியாக ஆரம்பித்தது பதின்மூன்று ஆயிற்று. மலையைச் சரியாகப் பேணவில்லை என்று 1998-இல் மாநிலத் தணிக்கையாளரே அறிக்கை கொடுத்தார். குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரரைக் கேட்காமல் அறை மேல் அறையாகப் பதின்மூன்று எழுப்பிவிட்டுப் பதினான்காவதற்குக் கடைக்கால் தோண்டும்போது, 'போதும்' என்று சொல்கிற வீட்டுக்காரரைக் கட்டடக் கலையின் எதிரி என்று யாராவது சொல்வார்களா?

கதை அவ்வளவு நேர்க்கோடாகவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். 1960 மே மாதச் சுனாமியில் ஹிலோ நகரம் 61 உயிர்களை இழந்து நொடித்துப் போனபோது, வானியலாளர்களைக் கடிதம் போட்டு அழைத்தது ஹிலோவின் வணிகர்கள்தான். உங்கள் இனத்திலேயே முப்பது மீட்டர் தொலைநோக்கி வரட்டும் என்றவர்களும் உண்டு. எல்லா ஹவாய்க்காரரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வெளியாளின் புத்திதான்.

2019 ஜூலை 17. உங்களுக்குக் காலை, எங்களுக்கு நள்ளிரவு நெருங்கும் நேரம். கைப்பேசியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. சாலையின் குறுக்கே துணிப் பந்தல், அதன் கீழே மடக்கு நாற்காலிகள். இரண்டாயிரம் மீட்டர் உயரக் குளிருக்குப் போர்வை போர்த்திக்கொண்டு எழுபதும் எண்பதுமான வயதில் நீங்கள். அதிகாரிகள் ஒவ்வொருவரிடமும் குனிந்து பேசினார்கள். சிலர் எழுந்து நடந்தீர்கள், சிலரைத் தூக்கிப் போனார்கள், சிலர் சக்கர நாற்காலியில் போனீர்கள். கைது செய்ய வந்தவர்களிலும் ஹவாய்க்காரர்கள் இருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலை பார்த்தவர்களை நான் பார்த்தேன். பின்னால் நின்ற இளைஞர்கள் பாய்ந்து வந்து தடுக்கவில்லை. தடுக்க வேண்டாமென்று நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள். பாட்டும் அழுகையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகு, காலியான இடத்தில் பெண்கள் கைகோத்து வரிசை கட்டினார்கள். அன்று கட்டுமான வண்டி மேலே ஏறவில்லை.

அதன்பின் மாதக்கணக்கில் புஹுலுஹுலு குன்றின் அடியில் நடந்ததை வெளியே அதிகம் பேர் எழுதவில்லை. நாளுக்கு மூன்று வேளை ஓதலும் ஹுலாவும். மதுவும் புகையும் கூடாது. சமையல் கூடாரம், மருத்துவக் கூடாரம், யாரும் வந்து உட்காரலாம் என்ற இலவச வகுப்புகள். உங்களோடு நின்றவர்களில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஜப்பானியர், பிலிப்பினோக்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. நான்கைந்து தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தும் அவர்கள் தங்களை 'ஹவாயர்' என்று சொல்லிக்கொள்வதில்லை, உள்ளூர்க்காரர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு நேர் எதிராக, 2018-இல் சிகாகோவில் தலைமையகம் கொண்ட ஓர் உணவகக் குழுமம், 'அலோஹா' என்ற சொல்லைத் தன் கடைப் பெயரில் வைத்திருப்பதால் மற்றவர்கள் அப்படி வைக்கக் கூடாதென்று வக்கீல் நோட்டீஸ் விட்டது. நோட்டீஸ் வாங்கியவர்களில் ஹவாய்க் குடும்பங்களும் இருந்தன.

அதே 2019-இன் ஏப்ரலில்தான் கருந்துளையின் முதல் படம் வெளியானது. அதை எடுத்த தொலைநோக்கிகளில் இரண்டு உங்கள் மலையில் இருப்பவை. அந்தக் கருந்துளைக்கு 'போவேஹி' என்று பெயர் தேர்ந்தெடுத்தவர் பேராசிரியர் லாரி கிமுரா, குமுலிப்போ என்னும் உங்கள் படைப்புப் பாடலிலிருந்து. அரசி லிலியுவோகலானி ஆங்கிலத்தில் பெயர்த்து 1897-இல் வெளியிட்ட அதே பாடல். பள்ளிகளில் ஹவாய் மொழியில் பாடம் நடத்துவதை 1896-இல் சட்டம் நிறுத்தியது. 1980களின் தொடக்கத்தில் அதைப் பேசும் பிள்ளைகள் ஐம்பது பேர்கூட இல்லை. கிமுரா போன்றவர்கள் மழலையர் பள்ளி தொடங்கி அதை மீட்டார்கள். ஏப்ரலில் உங்கள் மொழியில் வைத்த பெயரைக் கேட்டுக் கைதட்டிய உலகம், ஜூலையில் உங்களைப் பிற்போக்கு என்றது. மூன்று மாதத்தில் நீங்கள் மாறியிருக்க முடியாது.

நீங்கள் உட்கார்ந்ததால் சில காரியங்கள் நடந்தன. 2020-இல் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலர், மாற்று இடம் கிடைத்தால் அதையே இந்தியா விரும்பும் என்று வெளிப்படையாகச் சொன்னார். டெல்லியிலிருந்து அப்படி ஒரு குரல் வந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. 2022-இல் ஹவாய்ச் சட்டமன்றம் மலையைப் பேணப் புது ஆணையம் அமைத்தது. அதில் உங்கள் தரப்பாரும் உட்காருகிறார்கள். 2024-இல் பழைய தொலைநோக்கிகள் இரண்டைப் பெயர்த்து எடுத்தார்கள். குத்தகை 2033-இல் முடிகிறது.

காவலூருக்குப் போகும் மாணவர்களிடம் இப்போதெல்லாம் ஆடியின் விட்டத்தைச் சொல்வதோடு நான் நிறுத்துவதில்லை. இந்த மலையில் யார் இருந்தார்கள், இப்போதும் யார் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்கிறேன். ஜவ்வாது மலைப் பழங்குடிப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள்தான் முதலில் பதில் சொல்வார்கள். இந்தக் கேள்வியை வகுப்புக்குள் கொண்டுவரும் துணிவு உங்களைப் பார்த்து வந்தது. அதற்கு நன்றி.

முப்பது மீட்டர் தொலைநோக்கி எங்கே எழுந்தாலும் அதன் முதல் படத்தைப் பார்க்க நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆசை. உங்கள் மலையில்தான் எழ வேண்டும் என்றால் அது நீங்கள் கூடிப் பேசி 'சரி' சொல்லி எழட்டும். 'வேண்டாம்' என்று சொன்னாலும், பெங்களூருக்கு அருகே ஒசகோட்டையில் அந்தத் தொலைநோக்கிக்கு ஆடி மெருகேற்றுவதற்குக் கூடம் கட்டி வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்காக நீங்கள் சங்கடப்பட வேண்டாம். அவர்களிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.


வாணியம்பாடியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்