நூலின் மறுமுனை

மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரம். 1981இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அதன் பழைய கோட்டைப் பகுதி. அங்கே குறுகலான சந்தொன்றில் தையற்காரர் ஒருவர் ஜெல்லாபா என்னும் நீண்ட அங்கியை மடியில் விரித்து அமர்ந்திருந்தார். சில முழத் தொலைவில் ஒரு சிறுவன். அங்கியின் ஓரத்திலிருந்து புறப்பட்ட நூல்கள் அவன் விரல்களில் மாட்டப்பட்டிருந்தன. அவன் ஒரு கை நூலை மறு கைக்கு மாற்றுவான். அந்தப் பின்னல் குலையுமுன் அவர் ஊசியால் ஒரு தையலிட்டு அதைத் துணியோடு பிணைப்பார். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

நூற்கண்ணிகளை விரல்களில் மாட்டிப் பின்னும் கலைக்குத் தறி வேண்டா. ஐரோப்பாவிலும் இது வழங்கிற்று. அதன் முறைகளைக் கூறும் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் படிகள் இன்றும் உள்ளன. ஒருவர் தனியே பின்னினால் கை எட்டும் தூரமே கயிற்றின் எல்லை. அதைவிட நீள வேண்டுமாயின், பின்னலை இறுக்க இன்னொருவர் துணை வேண்டும்.

என் அத்தாவும் தையற்காரர்தாம். பள்ளி விட்டதும் காஜா எடுக்க அழைப்பார்; நான் புத்தகத்தைக் காட்டுவேன். "சரி, நீ படி" என்பார். பார்வை மங்கிய நாளிலும் ஊசியில் நூல் கோக்க அவர் என்னை அழைத்ததில்லை.

அச்சிறுவனும் பள்ளிக்குச் செல்லத்தான் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், சுவரில் அறைந்த ஆணி நூலைப் பிடிக்குமேயன்றிக் கண்ணியை மாற்றாது. அத்தா அன்று என்னை அழைத்தது காஜாவுக்காக மட்டுந்தானா? கேட்க இன்று அவர் இல்லை.