மீதிப் பாதி

செபமாலையை ஒருவர் தனியாகவும் சொல்லலாம். நானும் சொல்கிறேன், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே கார் ஓட்டும்போது. ஆனால் அந்தச் செபத்தின் கட்டுமானம் அப்படிப்பட்டதல்ல. பிரியதத்த மந்திரத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்லவேண்டும். எங்கள் தோட்டத்தில் முன்பாதியைச் சொல்வது 'எடுக்கிறது', பின்பாதியைச் சொல்வது 'வாங்குறது'. "இன்னிக்கு யாரு எடுக்கிறா?" என்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் ஒரு குரல் கேட்டால் மணி ஏழரை என்று அர்த்தம். காரில் எடுப்பதும் நான்தான், வாங்குவதும் நான்தான்.

சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம் அது. எழுபது சொச்சம் வீடுகளில் வேதக்காரர்கள் ஆறே வீடு. செபமாலைக்கோ ஐந்து பத்துகள். யார் எப்போது பிரித்துக் கொடுத்தார்களோ, வீட்டுக்கு ஒரு பத்து என்று வழக்கமாகிவிட்டது. மூன்றாவது எங்களுடையது. ஐந்தாவது அடுத்த வீட்டுப் பெரியம்மாவுடையது. அவர் எங்களுக்கு உறவு ஒன்றுமில்லை. ஆறாவது வீட்டுக்குக் கடைசியில் வரும் மன்றாட்டு மாலை.

இதில் பக்தி மட்டும் இருந்ததாகச் சொன்னால் பொய். விடியுமுன் எழுந்து பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் சீவி, தோளில் காண்டா வைத்துப் பால் சுமந்து வந்தவர்கள் அவர்கள். இரண்டாம் பத்திலேயே அப்பாவின் தலை சாய்ந்துவிடும். மணி உருட்டும் விரலில் ஒட்டுப்பால் வாடை. குளித்தாலும் போகாது. பெரியம்மா தன் பத்தை ஓட்டமாக ஓட்டுவார், அடுப்பில் சோறு இருக்கிறதென்று. நாங்கள் வாங்கி முடிக்கும் முன்னே அடுத்ததை எடுத்துவிடுவார்.

லயத்துப் பலகைச் சுவர் கூரைவரை எட்டாது. மேலே இரண்டடி இடைவெளி. அதன் வழியே பக்கத்து வீட்டுச் சண்டை வரும், கருவாட்டு வாசம் வரும், செபமும் வரும். அம்மா காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் பெரியம்மா வீட்டில் எல்லாரும் கூடி எடுப்பார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் படுத்தபடியே அம்மா வாங்குவார். எங்களுக்கு மறுபக்கத்து வீடு மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிற வீடு. அந்த வீட்டுப் பையனுக்கு எங்கள் மந்திரமெல்லாம் தலைகீழ்ப் பாடம். சில நாள் அவனும் சுவருக்கு அப்பால் இருந்து வாங்குவான், அவன் அம்மா தலையில் தட்டும்வரை.

எனக்கு இன்று ஏக்கமாக இருப்பது அந்த இடைவெளிதான். ஒரு குரல் குறைந்தால் உடனே தெரிந்துவிடும். சம்பள நாளில் ஒரு மாமா கள்ளுக்கடையோடு நின்றுவிடுவார். யாரும் கண்டித்துப் பேசியதாக நினைவில்லை. மறுநாள் செபத்தை அவர் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்விடுவார்கள். மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முழங்கால் போடவேண்டியதுதான், வேறு வழியில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் சிதறிக் கிடக்கக் கூடாது என்று இதே பேரா மாநிலத்தில் ஒருவர் வெகுகாலம் முன்பே நினைத்தார். ரெனே ஃபே என்ற பிரெஞ்சு மிஷனரி. 1880களில் பாகான் செராயில் நிலம் பெற்றுத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்றே ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். பின்னாளில் மலாக்கா ஆயரானவர். கோவில் மணி காதில் விழும் தூரத்தில் வயல், வயலுக்குப் பக்கத்தில் வீடு. ஆனால் ரப்பருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது, பார்க்கலாம். அந்த மரத்தின் வாரிசுகள் காட்டைப் பிடித்த வேகத்தில் ஆட்களை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்டார்கள். இங்கே ஆறு வீடு, அடுத்த தோட்டத்தில் இரண்டு வீடு. மாதம் ஒருமுறை ஃபாதர் வருவார். பள்ளிக்கூட மேசையில் வெள்ளைத் துணி விரித்தால் அது பீடம்.

1976 ஆகஸ்டில் ஒரு விசேஷம் நடந்தது. மேற்கு மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் முழுக்கப் பங்குகளை விட்டு ஒன்றுகூடி, திருச்சபையை எப்படிப் புதுப்பிப்பது என்று யோசித்தார்கள். குருக்கள் இல்லாத அந்த மாதத்தில் மக்களே கூடிச் செபித்தார்கள். ஈப்போவில் வேலை செய்த சித்தப்பா வந்து, பட்டணத்து ஜனங்கள் எப்படித் திகைத்துப்போயிருக்கிறார்கள் என்று சொன்னதும் தாத்தா சிரித்தார்.

"நமக்கு வருசம் பூரா ஆகஸ்டுதானேடா."

அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்த முக்கியமான முடிவு, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகக் கூடவேண்டும் என்பது. தமிழில் அன்பியம் என்கிறார்கள். நல்ல சொல்தான். எங்கள் லயத்தில் இருந்தது அதுதான் என்று அந்தச் சொல் வந்தபிறகே எனக்குப் புரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அன்பியங்கள் நாடெங்கும் வேர்விட ஆரம்பித்த அதே காலத்தில்தான் தோட்டங்கள் கலைந்துகொண்டிருந்தன. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். எங்கள் முறை எண்பதுகளின் கடைசியில் வந்தது. ஆறு வீடும் ஆறு திசைக்குப் போயின. சாமான்களை லாரியில் ஏற்றிய அன்றும் சாயங்காலம் செபம் நடந்தது, காலி வீட்டில், எதிரொலியோடு.

இப்போது ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். கல் சுவர், இரும்பு கிரில். கோவிலில் ஞாயிறு பூசைக்கு நூற்றுக்கணக்கில் ஜனம். சமாதானம் சொல்லிக் கைகூப்புகிறோம், காரை எடுக்கிறோம். குற்றம் கோவிலுடையதல்ல. அன்பியத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள், நான்தான் வேலை, தூக்கம், கால்வலி என்று சாக்குச் சொன்னேன். லயத்தில் சாக்குச் சொல்ல முடியாது, சுவர் காட்டிக்கொடுத்துவிடும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோவில்கள் மூடியபோது தாத்தா சொன்ன ஆகஸ்டு நினைவுக்கு வந்தது. மனைவியும் நானும் கூடத்தில் உட்கார்ந்து ஐந்து பத்தையும் சொன்னோம். அவர் எடுக்க நான் வாங்க. மூன்றாவது வந்ததும் என்னை அறியாமல் நான் எடுத்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அதற்காகப் பழைய தோட்டத்தைப் பரலோகமாக்கிவிட நான் தயாரில்லை. ஆறாவது வீட்டுக்காரர்கள் எங்கள் வாசலில் முழங்கால் போடுவார்கள், கிறிஸ்துமஸ் பலகாரம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுக்குச் செபத்தின் முறை வரும்போது நாங்களும் போவோம். ஆனால் அங்கே கொடுத்த தண்ணீரை அம்மா குடிக்கமாட்டார், எங்களையும் குடிக்க விடமாட்டார். 'தடுமம் பிடிக்கும்' என்பார். காரணம் சாதி என்று எனக்கு விளங்கவே இருபது வயசாகிவிட்டது. கப்பலில் வந்த மூட்டைகளில் அதுவும் வந்திருந்தது. ஐந்து பத்தையும் மற்ற வீடுகள் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு மன்றாட்டு மாலையை விட்டதும் அதில் சேர்த்தியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 26 அன்னம்மாள் திருநாள். அதையொட்டிய நாட்களில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலில் பழைய தோட்டத்து முகங்கள் கண்ணில் படும். அந்தக் காலத்தில் தோட்டத்து லாரியில் போவோம். போன வருடம் அங்கே, 1888இல் கட்டிய பழைய கோவிலுக்குப் போகும் வழியில், பெரியம்மாவைப் பார்த்தேன். பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். சக்கர நாற்காலி. காது சுத்தமாகக் கேட்பதில்லை. என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பா பெயரைச் சொன்னார்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் ஓரமாக உட்கார்ந்தோம். அவரே ஆரம்பித்து இரண்டு பத்து எடுத்துவிட்டு என் முழங்கையை இடித்தார்.

"மூணாவது உன்னோடது. எடு."

எடுத்தேன். காது கேட்காததால் நான் எங்கே நிறுத்துகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பாதியை முடிக்கும் முன்பே வாங்கிவிட்டார். இரண்டு குரலும் மோதிக்கொண்டே பத்து மணிகளும் உருண்டன. அடுப்பில் சோறு வைத்திருந்த காலத்திலும் அப்படித்தான். நான்காவதை அவர் மகள் எடுத்தார். ஐந்தாவது வந்ததும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முடித்துவிட்டு மணியை மடியில் போட்டார். மன்றாட்டு மாலைக்காகக் காத்திருப்பதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

"அந்த ஆறாவது வீட்டுக்காரவங்க இப்ப எங்க இருக்காங்க?"

தெரியவில்லை என்று கையை விரித்துக் காட்டினேன். நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.