கயிறு இழுத்தவள்

அம்மா போய் இரண்டு வருஷமாகியும் அவளுடைய கிரைண்டரைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. கடைசியில் மோட்டாரை மட்டும் கழற்றினேன். அரை குதிரைசக்தி, நிமிஷத்துக்கு 1,440 சுற்று என்று தகட்டில் பொறித்திருந்தது. அதை வைத்து மரம் கடைகிற எந்திரம் ஒன்று செய்வதென்று தீர்மானித்தேன். தாத்தா அம்பாசமுத்திரத்தில் மரச்செப்புகள் கடைந்தவர். அப்பா குமாஸ்தா, நானும் குமாஸ்தா. இரண்டு தலைமுறையாகக் காகிதத்தைத் தவிர வேறெதையும் தொடாத கைகள். விட்டுப்போன மரபைப் பிடிக்கப் போவதாக எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரும்புக்கடையில் கிடந்த வாஷிங் மெஷின் ஒன்றிலிருந்து, உருளையைத் தாங்கும் தண்டையும் அதன் இரண்டு பேரிங்குகளையும் எடுத்தேன். அடித்தளத்துக்கு ஒரு பழைய இரும்புக் கட்டிலின் சட்டங்கள். மரத்தின் மறுமுனையைத் தாங்கக் கூராக்கிய போல்ட். மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, தண்டில் 4 அங்குலப் புல்லி, நடுவே பெல்ட். வேகம் பாதியாகி 720. கணக்கில் பிழையில்லை.

பிழை கட்டையில் இருந்தது. மூலைக்கு மூலை கோடிழுத்துக் குறித்த மையம் சற்று விலகியிருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் மேஜை நகர ஆரம்பித்தது. கட்டை கழன்று காதோரமாகப் பறந்து சுவரில் மோதியது. சதுரக் கட்டையை முதலில் எட்டுப் பட்டையாகச் சீவிக்கொண்டு மாட்ட வேண்டும், பெல்ட்டுக்கு மூடி வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் புத்தியில் ஏறின.

ஊரிலிருந்து வந்திருந்த பெரிய அத்தை, நான் கடைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘ஏல, இது நிக்கவே நிக்காதா? எங்கப்பா கடையும்போது உளி பாதி நேரம் சும்மால்லா இருக்கும். அம்மை கயிறு இழுக்கணும்லா.’

தண்டில் கயிற்றைச் சுற்றி இரு நுனிகளையும் மாறி மாறி இழுப்பார்களாம். ஒரு நுனியை இழுத்தால் மரம் கடைபவரை நோக்கி உருளும். அப்போது உளி வெட்டும். மறு நுனியை இழுத்தால் மரம் எதிர்ப்பக்கம் உருளும். உளியை விலக்கிக்கொள்ள வேண்டும். தாத்தாவுக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஓய்வு இருந்தது. இழுத்தவளுக்கு இல்லை. அத்தை வயிற்றிலிருந்தபோதும் ஆச்சிதான் இழுத்தாளாம்.

தாத்தாவின் உளியைப் பற்றி எங்கள் வீட்டில் எவ்வளவோ பேச்சு உண்டு. மஞ்சள்கடம்பு மரம், சுழலும் மரத்தில் அழுத்தியதும் உரசும் சூட்டில் இளகிப் படியும் அரக்கு, தாழை மடலால் ஏற்றும் பளபளப்பு எல்லாம் கேட்டிருக்கிறேன். கயிற்றைப் பற்றி யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கைவினை பற்றி நாம் எழுதுகிறவற்றிலும் உளி பிடித்த கை மட்டுமே கலைஞனாகிறது.

கயிறு இழுக்கும் கைகளை மோட்டார் விடுவித்தது. அம்மாவை ஆட்டுக்கல்லிலிருந்து விடுவித்ததும் இதே மோட்டார்தான். இதில் வருத்தப்பட எதுவுமில்லை. ஆனால் அந்தக் கைகள் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மரபைத் தேடிப் போன நான் அந்த இடத்தைக் கவனிக்காமலேதான் எந்திரத்தைச் செய்து முடித்திருந்தேன்.

ஸ்விட்சை அணைத்தேன். ஆச்சியின் பெயர் என்னவென்று அத்தையிடம் கேட்டேன். அதுவரை எனக்குத் தெரியாது.